தொண்ணூற்று மூவாயிரம் வீதம் நாலு ரசீது

கம்பெனி குவார்ட்டர்ஸ்,
பெங்களூர்.
9-8-2001

தம்பி நாகேஷுக்கு அக்கா யசோதா எழுதுவது.

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்கிற கடுதாசி இல்ல இது. போன் பண்ணலாம்னு பி.சி.ஓ. வரைக்கும் போனேன். உன் குரலைக் கேட்டா ஒண்ணு அழுவேன், இல்ல அசிங்கமா திட்டுவேன். ரெண்டையும் அந்தக் கடைக்காரன் முன்னாடி செய்யப் பிடிக்கல. திரும்பி வந்து வீணாவோட காலேஜ் நோட்டுல பேப்பர் கிழிச்சு எழுதறேன்.

நேத்து அல்சூர்ல உன் பேங்குக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சிருக்காங்க. வாசல்ல கன்னடத்துல ஒரு நோட்டீஸ், இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ். ரிசர்வ் பேங்க் உத்தரவாம், ஆறு மாசத்துக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதாம். உன் கண்ணாடி ரூம்ல யாரோ புது ஆள். உன்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, நீ அத்திபெலேயில பொண்டாட்டி வீட்டுக்குப் போயிட்டேன்னு உங்க அட்டெண்டர் சில்வெஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணல பாரு.

என் பணம் என்ன பணம்னு உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கம்பெனியில உட்கார்ந்து போர்டு போர்டா ஈயம் உருக்கி சால்டர் வெச்ச பணம். விருப்ப ஓய்வுன்னு வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பும்போது மூணு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துக்கு செக் குடுத்தாங்க. பெரிய பேங்க்ல போடும்மான்னு வீணா சொன்னா. நான்தான், மாமா மேனேஜரா இருக்கான், ரெண்டு பர்சென்ட் வட்டி கூட வரும்னு அவ வாயை அடைச்சேன். நம்ம ஆளுங்க பாதிப் பேர் செய்யற மாதிரி, டெபாசிட் ரசீதுக்குப் பின்னால ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, வெறும் ஃபாரங்கள்லயும் கையெழுத்துப் போட்டு, உன் பீரோவுலயே வெச்சிட்டு வந்தேன். முடியற தேதிக்கு நீயே புதுப்பிச்சிடுவே, நான் பஸ் ஏறி வர வேண்டாம்னு.

ஜூன் பன்னெண்டு அந்த ரசீது முடிஞ்சது. ஜூலை பத்து உத்தரவு வந்தது. நடுவுல இருபத்தெட்டு நாள். என் கையெழுத்து உன் பீரோவுல தூங்கிட்டு இருந்தது. தேதியைப் போட்டுப் பணத்தை எடுத்து என் கையில குடுத்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? திரும்பவும் அங்கயே புதுப்பிச்சிட்டியாமே!

மார்ச்சுக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். மல்லேஸ்வரத்துல லீஸுக்கு ஒரு வீடு பேசியிருக்கேன். மூணரை லட்சம் குடுத்தா மூணு வருஷம் வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்பி வரும். பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. தீபாவளிக்குள்ள மிச்சம் வரலேன்னா வேற ஆளுக்குன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. சம்பளம் இல்லாதவ வாடகை குடுத்து எத்தனை நாள் ஓட்டுவேன் சொல்லு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேங்க் இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?

யசோதா


அத்திபெலே,
18-8-2001

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கேட்டதற்கு முதலில் பதில். தெரியும்.

எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன். 1994இல் எங்கள் கூட்டுறவு வங்கியின் தலைவர் கிருஷ்ணப்பாவின் மைத்துனருக்கு, ஆனேக்கல் பக்கம் இருக்கும் கல் குவாரிக்காக, நாற்பது லட்சம் கடன் கொடுத்தோம். ஒரு தவணைகூட வரவில்லை. ஆறு மாதம் வட்டி வராத கடனை வாராக் கடன் என்று எழுத வேண்டும், அதற்கு ஈடாக லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு மார்ச் 28ஆம் தேதியும் அதே குவாரிக்கு ஒரு புதுக் கடன் கொடுப்போம். 30ஆம் தேதி அந்தப் பணத்தாலேயே பழைய கடனும் வட்டியும் அடைந்துவிட்டதாக வரவு வைப்போம். வெளியிலிருந்து ஒரு ரூபாய் வராது. புத்தகத்தில் மட்டும் லாபம் வரும். அந்த லாபத்தில்தான் உறுப்பினர்களுக்கு டிவிடெண்டும் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தோம். நீயும் வாங்கியிருக்கிறாய், மைசூர்பாகு கல்லாக இருக்கிறது என்று குறைகூடச் சொன்னாய்.

இப்படி ஏழு மார்ச். நாற்பது லட்சம், ஒரு கோடியே இருபத்தேழு லட்சமாக வளர்ந்தது. ஏழு முறையும் கையெழுத்து என்னுடையது.

ஜூன் பன்னிரண்டுக்கு வருகிறேன். அன்று வங்கியின் மொத்த டெபாசிட் மூன்றே முக்கால் கோடி. உடனே கொடுக்கக்கூடிய பணம் முப்பத்தோரு லட்சம். மேனேஜரின் அக்கா தன் பணத்தை எடுத்துக்கொண்டாள் என்பது கவுன்ட்டரில் தெரிய ஐந்து நிமிடம் போதும், அல்சூர் மார்க்கெட்டில் தெரிய ஒரு மணி நேரம். சாயங்காலம் வரிசை நின்றிருக்கும். முதல் முப்பது பேருக்குப் பணம் கிடைத்திருக்கும், மற்ற ஆயிரத்து நானூறு பேருக்குக் கிடைத்திருக்காது. அந்த முப்பது பேரில் முதல் ஆளாக என் அக்கா இருப்பதை நான் விரும்பவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஏழு வருடம் தவறான இடத்தில் போட்ட கையெழுத்து, ஒரே ஒரு நாள் போடாமல் இருந்ததால் ஒழுங்காகிவிடாது.

புதுப்பித்த ரசீதுகளை சில்வெஸ்டரிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்றல்ல, நான்கு. பத்திரமாக வைத்துக்கொள். கிழித்துவிடாதே.

நாகேஷ்


கம்பெனி குவார்ட்டர்ஸ்,
2-9-2001

நாகேஷுக்கு,

கிழிக்காதேன்னு நீ ஏன் எழுதினேன்னு இப்பதான் புரியுது.

சில்வெஸ்டர் கவரைக் குடுத்துட்டு, காபிகூடக் குடிக்காம ஓடிட்டான். பிரிச்சுப் பார்த்தேன். நாலு ரசீது, ஒவ்வொண்ணும் தொண்ணூத்தி மூவாயிரம். முதல் ரசீது என் பேர்ல. ரெண்டாவது யசோதா, வீணா. மூணாவது அதையே தலைகீழா வீணா, யசோதா. என்னடா இது விளையாட்டுன்னு நாலாவதை எடுத்தேன். வெங்கடசாமி, யசோதா!

நாகேஷ், உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? அந்த ஆள் என்னையும் பத்து வயசுப் பொண்ணையும் விட்டுட்டு ஆனேக்கல்ல வனஜாவோட போய் ஒன்பது வருஷம் ஆகுது. ரேஷன் கார்டுல இருந்து அவர் பேரை எடுக்க நான் மூணு தடவை ஆபீஸ் படி ஏறினேன். மூணாவது தடவை கூட வந்தவன் நீ! அந்தப் பேரை என் பணத்துக்கு மேல, அதுவும் என் பேருக்கு முன்னால எழுதி வெச்சிருக்கே. நான் செத்தா தொண்ணூத்தி மூவாயிரம் அவருக்கா?

வீணா சிரிக்கிறா. அப்பாவுக்கு இப்பத்தான் முதல் தடவையா நம்மால வருமானம்னு சொல்றா. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பணத்தை முடக்கினதுக்கு நீ சொன்ன காரணம் பாதி புரிஞ்சது. இதுக்கு என்ன காரணம் சொல்வே? சீக்கிரம் எழுது. வீட்டுக்காரம்மா நேத்துகூட ஆள் அனுப்பினாங்க.

யசோதா


அத்திபெலே,
10-9-2001

அக்காவுக்கு,

கோபம் நியாயம். காரணத்தைக் கேள்.

வங்கி மூழ்கினால் ஒரு டெபாசிட்தாரருக்கு ஒரு லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. வட்டியும் அந்த ஒரு லட்சத்துக்குள் அடக்கம். உன் பணம் முழுக்க உன் ஒருத்தி பெயரில் இருந்தால் ஒரு லட்சம் வரும், இரண்டே முக்கால் லட்சம் போகும். ஆனால் கூட்டுப் பெயரில் இருக்கும் டெபாசிட்டுக்குத் தனி ஒரு லட்சம். பெயர் வரிசை மாறினால் அதற்கும் தனி ஒரு லட்சம். இது ரகசியம் அல்ல, சட்டத்தில் உள்ளது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

உன் பணத்துக்கு நான்கு லட்சம் காப்பு வேண்டும் என்றால் நான்கு விதமான பெயர் வேண்டும். உன் கையெழுத்துப் போட்ட ஃபாரங்கள் பீரோவில் இருந்தன. வீணாவின் கையெழுத்து அட்டை, அவள் காலேஜில் சேர்ந்தபோது தொடங்கிய கணக்கில் இருந்தது. நான்காவதாக உன்னோடு சேர்ந்த அட்டை எங்கள் வங்கியில் ஒன்றே ஒன்றுதான். 1988இல் நீயும் வெங்கடசாமியும் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. அதை மூட நீ மறந்துவிட்டாய். என் பெயரைப் போட்டிருக்கலாமே என்பாய். மேனேஜர் பெயர் ஒரு டெபாசிட்டில் இருந்தால் விசாரணையில் அதைத்தான் முதலில் முடக்குவார்கள். இருவரில் யாரும் எடுக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறேன், ஆனால் இன்சூரன்ஸ் படிவத்தில் மட்டும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும்.

ஏன் தொண்ணூற்று மூவாயிரம் என்றால், பன்னிரண்டு சதவீத வட்டி ஏறி லட்சத்தைத் தொட ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். ஜனவரி பன்னிரண்டுக்குள் லைசென்ஸ் ரத்தாகி வட்டி நின்றுவிட்டால் உனக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. வங்கி சீக்கிரம் சாக வேண்டும் என்று அதன் மேனேஜரே கணக்குப் போட்டான் என்று நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உனக்கு மட்டும் செய்யவில்லை. உன்னைப்போல் கையெழுத்துப் போட்டு என்னிடம் விட்டுப் போனவர்களில், லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் பதினேழு பேர். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பதினேழு பேருக்கும் பிரித்து எழுதினேன். அவர்களிடமும் கேட்கவில்லை.

தீபாவளிக்குள் பணம் வராது. மல்லேஸ்வரம் வீட்டை மறந்துவிடு.

நாகேஷ்


கம்பெனி குவார்ட்டர்ஸ்,
3-2-2002

நாகேஷுக்கு,

உன் ஆசை பலிச்சது. ஜனவரி நாலாம் தேதி லைசென்ஸ் ரத்து. நீ குடுத்த கெடுவுக்கு எட்டு நாள் மிச்சம். அந்தக் கண்ணாடி ரூம்ல இப்ப, பேங்க் கணக்கைத் தீர்க்க வந்த லிக்விடேட்டர் உட்கார்ந்திருக்கார். இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபாரம் குடுத்தார். போன வாரம் ஆனேக்கல் போயிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால லாரி ஸ்பிரிங்குக்குப் பட்டை கட்டற ஷெட்ல இருக்கார். தலை பாதி நரைச்சுப் போச்சு. விஷயத்தைச் சொன்னேன். ரசீதை வாங்கி ரெண்டு தடவை படிச்சுட்டு, 'என் பேருதானே முதல்ல இருக்கு, அப்ப பாதி என்னுது'ன்னார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அதுக்குள்ள வனஜா உள்ள இருந்து வந்தா. 'அவங்க சால்டர் வெச்ச காசு, உனக்கு எதுக்குய்யா? சும்னே, பேசாம கையெழுத்துப் போடு'ன்னா. போட்டார். போட்டது கன்னடத்துல. உங்க 88ஆம் வருஷத்து அட்டையில தமிழ்ல இருக்கு. பழைய கையெழுத்து அவருக்கே மறந்து போச்சு. பேப்பர்ல நாலு தடவை எழுதிப் பழகி, அஞ்சாவது தடவை ஃபாரத்துல போட்டார். 'வீணா என்ன படிக்குது?'ன்னு கேட்டார். பி.காம்.னு சொன்னேன். வனஜா பஸ்ஸுக்கு வழி காட்ட ரோடு வரைக்கும் வந்தா. ஒன்பது வருஷமா அவளைத் திட்டின வார்த்தை எதுவும் அன்னைக்கு நினைப்புக்கு வரல, போ.

இது இல்ல நான் எழுத வந்தது.

லிக்விடேட்டர் ஆபீஸ்ல ரத்தினம்மாளைப் பார்த்தேன். மார்க்கெட்ல பூ கட்டறவங்க. புருஷன் லாரியில அடிபட்டு செத்ததுக்கு கோர்ட் குடுத்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை உங்க பேங்க்ல போட்டிருந்தாங்க. ரசீது அவங்க வீட்டு அரிசி டப்பாவுல இருந்தது, உன் பீரோவுல இல்ல. ஒரு லட்சம் வரும், அறுபது வராது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ சொன்னதாலதானே கண்ணு எடுக்காம போனேன்'னாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலாம்.

போன ஏப்ரல்ல, குஜராத்துல ஒரு கூட்டுறவு பேங்க் மூடிட்டாங்கன்னு பேப்பர்ல வந்த வாரம், உங்க வாசல்ல நாப்பது அம்பது பேர் கூடினாங்களே, அன்னைக்கு நான் கரண்ட் பில் கட்ட அந்தப் பக்கம் வந்தேன். பெஞ்சுல உட்கார்ந்து, 'என் தம்பிதான் மேனேஜர், என் வி.ஆர்.எஸ். பணம் முழுக்க இங்கதான் இருக்கு, நான் எடுக்கல, நீங்க ஏன் பதறறீங்க'ன்னு எல்லாருக்கும் சொன்னேன். ரத்தினம்மாள் டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்க. இன்னும் பத்துப் பதினஞ்சு பேர் அப்படியே போனாங்க.

நீ கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பார்த்துட்டுதான் இருந்தே. சில்வெஸ்டர்கிட்ட எனக்கு டீ குடுத்தனுப்பினே. அக்கா தொண்டை வறளப் பேசறாளேன்னு பாசத்துல நீ அனுப்பினதா நினைச்சேன். இப்ப ராத்திரி பகலா அந்த டீதான் ஞாபகத்துல இருக்கு. அது எதுக்கு அனுப்பின டீ?

யசோதா


அத்திபெலே,
11-2-2002

அக்காவுக்கு,

நீ பேசியது எனக்குக் கேட்டது. கண்ணாடியில் பணம் வாங்கும் ஓட்டை இருக்கிறது அல்லவா, அது வழியாக. அன்று காலை கையில் இருந்தது பதினெட்டு லட்சம். பதினோரு மணிக்குள் ஏழு லட்சம் போய்விட்டது. பன்னிரண்டரைக்கு ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும் என்று தலைவருக்குப் போன் செய்துவிட்டேன். அப்போது நீ வந்து உட்கார்ந்தாய். பேச ஆரம்பித்தாய். வரிசை கரைந்தது.

நீ எழுந்து போய்விடக் கூடாது என்று டீ அனுப்பினேன்.

பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுப்பியது அதற்காக அல்ல. உன் வாயால் வங்கி இன்னும் மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதத்தில்தான் பதினேழு பேர் ரசீதைப் பிரிக்க எனக்கு அவகாசம் கிடைத்தது. அதே மூன்று மாதத்தில்தான் ரத்தினம்மாளின் அறுபதாயிரம் போனது. இரண்டும் ஒரே கணக்கு. நான் வெட்கப்படுகிறேன்.

நாகேஷ்


ஓசூர்,
20-8-2002

அக்காவுக்கு,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து அல்சூரில் ஒற்றை அறைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். முகவரியை சில்வெஸ்டரிடம் வாங்கி எழுதுகிறேன்.

விசாரணை முடிந்தது. குவாரிக் கடனுக்காக வேலை போய்விட்டது. கிருஷ்ணப்பா மேல் வழக்கு நடக்கிறது, என்னையும் கூப்பிடுவார்கள். உறவினர் யாருக்காவது முன்கூட்டியே தகவல் சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல முடிந்தது. பதினேழு பேருக்குப் பிரித்தாயே, மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். மற்றவர்களின் ரசீது அவரவர் வீட்டில் இருந்தது, நான் தொட முடியாது என்றேன். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்களுக்கு முழுப் பணம் வருகிறது, ஜாக்கிரதையாக ரசீதை வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்குப் போகிறது. விசாரணை அதிகாரி இதைக் கேட்டு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு மரக் கடையில் பில் போடுகிறேன். அல்சூர் பக்கம் வருவதில்லை.

நாகேஷ்


அல்சூர்,
பெங்களூர்.
2-12-2002

தம்பி நாகேஷுக்கு,

பணம் வந்துடுச்சு. நாலு ரசீதுக்கும் சேர்த்து மூணு லட்சத்து தொண்ணூத்தேழாயிரத்து நூத்தி முப்பத்திரண்டு. நாலாவது செக்கை மாத்த வேற பேங்க்ல ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்க வேண்டியிருந்தது. வெங்கடசாமி அரை நாள் வேலையை விட்டுட்டு வந்தார். கிளார்க் கேக்காமலே புருஷன் பொண்டாட்டின்னு எழுதிட்டான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம நின்னோம்.

உன் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கு. அதுக்காகக் கடுதாசி போடாம இருக்கல. ரத்தினம்மாளுக்கு ஒரு வழி பண்ணிட்டு எழுதலாம்னு இருந்தேன்.

அவங்களுக்கு ஒரு லட்சம் வந்தது. மிச்சம் அறுபதை என் பணத்துல இருந்து குடுத்துட்டேன். நீ திட்டாதே, வீணா வேண்டிய மட்டும் திட்டியாச்சு. மல்லேஸ்வரத்துல அதே தெருவுல இன்னொரு வீடு மூணு எழுபத்தஞ்சுக்கு வந்தது. அறுபது போனதுல அதுவும் கை விட்டுப் போச்சு. தொள்ளாயிரம் ரூபா வாடகையில இந்த ஒரு ரூமே போதும்னு இருக்கோம். எனக்குத் தூக்கம் வருது இப்ப.

ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டேன். என் பணம்னு சொன்னா ரத்தினம்மாள் தொடமாட்டாங்க. அதனால, 'பேங்க்ல இருந்து மிச்சம் வந்திருக்கு, நாகேஷ் குடுத்தனுப்பினான்'னு சொல்லிட்டேன். எண்ணிப் பார்க்காம முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, உன் பேரைச் சொல்லி கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அது போன வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள்ள மார்க்கெட் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நாகேஷ் சார் லட்சத்துக்கு மேல இருந்தவங்களுக்கும் குடுக்கறாராம், அவங்க அக்கா மூலமா குடுக்கறாராம். சனிக்கிழமை காலையில கதவைத் திறந்தா பதினோரு பேர் வரிசையில நிக்கறாங்க. கையில ரசீது. சில பேர் அன்னைக்கு ஏப்ரல்ல என் பேச்சைக் கேட்டு டோக்கனைத் திருப்பிக் குடுத்தவங்க. எல்லாருக்கும் சேர்த்து கூட்டிப் பார்த்தேன். ஆறு லட்சத்துக்கு மேல வருது. எங்கிட்ட மூணு முப்பத்தேழுதான் இருக்கு.

இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த வாயாலதானே இருக்குன்னு சொன்னேன். அடுத்த ஞாயிறு வாங்க, தம்பி வருவான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அதனால வர்ற எட்டாம் தேதி காலையில பத்து மணிக்கு நீ இங்க வரணும். ஓசூர்ல இருந்து ஏழரை பஸ்ஸைப் பிடிச்சா சரியா இருக்கும். எங்கிட்ட எழுதின மாதிரியே அவங்ககிட்டயும் சொல்லு. குவாரி, ஏழு மார்ச், பதினெட்டு லட்சம், எல்லாத்தையும். நடுவுல கண்ணாடி கிடையாது. பக்கத்து வீட்டுல பெஞ்சு கேட்டு வெச்சிருக்கேன்.

நீ பாதியில எழுந்து போகாம இருக்க டீ நான் குடுக்கறேன்.

அக்கா
யசோதா